‘ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை’: குடும்ப கவுன்சலிங் எப்படி வேலை செய்கிறது? எங்கே அது பொருந்தாது?

“பையன் சரியா காலேஜ் போறதில்ல. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க” என்று மகனை கவுன்சலரிடம் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அவரோ கொஞ்ச நேரம் பேசிவிட்டு, “அடுத்த வாரம் வீட்ல இருக்கிற எல்லாரும் வாங்க” என்கிறார்.

உங்களுக்கு எரிச்சல் வரலாம். பிரச்னை அவனுக்கு, நம்மை எதற்குக் கூப்பிடுகிறார்? அப்பா ஒரு நாள் வியாபாரத்தை விட வேண்டும். பாட்டிக்கு நடக்க முடியாது. அக்காவுக்கு லீவு கிடைக்காது. இத்தனைக்கும் தப்பு செய்தது அவன் ஒருவன்தானே?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் குடும்ப கவுன்சலிங் என்ற துறையே நிற்கிறது. அது என்ன நம்புகிறது, எந்தெந்த வழிகளில் வேலை செய்கிறது, எந்த இடத்தில் அதை நிறுத்த வேண்டும் என்பதைப் பார்ப்போம். கடைசிக் கேள்விதான் முக்கியம். சில வீடுகளில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எளிதாகப் புரிய, தாராவியில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மும்பையில் ‘கோலி’ என்று சொல்லும் ஒற்றை அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு தட்டு. அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார். நள்ளிரவு தாண்டியதும் அடுப்பு பற்றவைக்கும் வீடு. அம்மாவுக்கு அரைப்பது, அவிப்பது எல்லாம். கூடவே அப்பாவைப் பெற்ற பாட்டி. இருபது வயது மகள் கடையில் வேலை பார்க்கிறாள். பதினாறு வயது மகன் பதினோராம் வகுப்பு. காலையில் எழுவதில்லை, எந்நேரமும் போன்.

தனி கவுன்சலிங்குக்கும் குடும்ப கவுன்சலிங்குக்கும் என்ன வித்தியாசம்?

தனி கவுன்சலிங், ஒருவரின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த வழியில், கவுன்சலர் அறிவுரை சொல்வதைவிட, தீர்ப்பு சொல்லாமல் கேட்பதற்கே முதலிடம் தருவார். ஆரோன் பெக் வளர்த்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில், “நான் எதுக்கும் லாயக்கில்ல” என்பதுபோலத் தானாக ஓடும் எண்ணங்களைப் பிடித்து, அவை உண்மைதானா என்று சோதிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டும் பயனுள்ளவை. இன்றும் பரவலாகப் பயன்படுபவை.

குடும்ப கவுன்சலிங் கேட்கும் கேள்வி வேறு. ‘இவனுக்கு என்ன?’ என்று கேட்காது. ‘இவர்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது?’ என்று கேட்கும்.

நம் கற்பனைக் குடும்பத்தில் அப்பா திட்டுகிறார். திட்டு விழாமல் இருக்க மகன் காலேஜ் போகாததை அம்மா மறைக்கிறார். மறைத்தது தெரிந்ததும் அப்பா இன்னும் சத்தம் போடுகிறார். சத்தம் கூடக் கூட மகன் மேல்தட்டுக்கு ஏறிப் போனுக்குள் போய்விடுகிறான். அதைப் பார்த்து அப்பா மறுபடி திட்டுகிறார். எது முதல், எது முடிவு?

அப்பாவைக் கேட்டால் மகனிடம் ஆரம்பித்தது என்பார். மகனைக் கேட்டால் அப்பாவிடம் என்பான். கவுன்சலர் இதை வட்டமாகப் பார்க்கிறார். யாராவது ஒருவர் தன் பங்கைக் கொஞ்சம் மாற்றினாலும் வட்டம் பழையபடி சுற்றாது. நம் ஊரில் ‘ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை’ என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். எல்லோரையும் கூப்பிடுவதற்குக் காரணம் இதுவே.

இது வெளிநாட்டுச் சரக்கா?

கோட்பாடுகளின் பெயர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆனால் நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இந்தியாவில் தானாகவே தோன்றியது.

1950களில் அமெரிக்காவில் மருத்துவர் மரே போவென் ஒரு ஆராய்ச்சிக்காக நோயாளியோடு மொத்தக் குடும்பத்தையும் மருத்துவமனையில் தங்கவைத்தார். அதே பத்தாண்டில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கச் செய்தார். கூட இருந்து பார்த்த குடும்பங்கள் நோயைப் புரிந்துகொண்டன. நோயாளியைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போகும் தைரியமும் வந்தது. வேலூர் சிஎம்சியின் மனநல மையமும் 1957 முதல் உறவினர் கூடவே தங்கும் முறையைக் கைக்கொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு வளர்ந்தது.

மும்பைக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1936-ல் நாக்பாடாவில் தொடங்கிய சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அதாவது டிஸ். அடுத்த ஆண்டே அது குழந்தைகளுக்கான வழிகாட்டு மையம் ஒன்றைத் தொடங்கியது. நாட்டிலேயே முதல் மையமாக அது சொல்லப்படுகிறது. 1954-ல் டிஸ் செம்பூரை ஒட்டிய தேவ்னாருக்கு இடம் மாறியது. செம்பூர்த் தமிழர்கள் பஸ்ஸில் தினமும் கடந்துபோகும் அந்த வளாகத்திலிருந்துதான் பல தலைமுறை கவுன்சலர்களும் சமூகப் பணியாளர்களும் வந்திருக்கிறார்கள்.

ஒரே குடும்பம், ஐந்து பார்வைகள்

குடும்ப கவுன்சலிங் என்பது ஒரே முறை அல்ல. கவுன்சலர் எந்த வழியில் பயின்றவர் என்பதைப் பொறுத்து, அதே தாராவிக் குடும்பத்திடம் அவர் கேட்கும் கேள்விகள் மாறும்.

1. முக்கோணம் எங்கே?

போவெனின் கருத்துப்படி, இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கணவன் மனைவி தங்களுக்குள் பேச வேண்டியதை மகனை வைத்துப் பேசுவார்கள். “உன் பையன் லட்சணத்தைப் பாரு” என்று அப்பா சொல்லும்போது அந்த வாக்கியம் போய்ச் சேருவது பையனிடம் மட்டுமல்ல.

இந்த வழியில் வருபவர் ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரைவார். இதை ஜீனோகிராம் என்பார்கள். யார் எப்போது ஊரைவிட்டு வந்தார், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, யார் குடித்தார், யார் பாதியில் படிப்பை விட்டார் எல்லாம் அதில் வரும். அப்பாவும் பதினாறு வயதில் படிப்பை விட்டு ரயிலேறியவர் என்று தெரியவந்தால், மகன் படிப்பை விடும்போது அவருக்கு ஏன் இவ்வளவு பதறுகிறது என்பதும் தெரியவரும்.

2. வீட்டில் யார் எந்த இடத்தில்?

சால்வடோர் மினுச்சின் அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்கா போன மனநல மருத்துவர். இவருடைய முறை வசதியானவர்களின் கிளினிக்கில் பிறக்கவில்லை. நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த சிறுவர்களோடு வேலை செய்தபோது உருவானது. சேரிக் குடும்பங்களைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய நூல் 1967-ல் வெளிவந்தது. தாராவிக்கு இந்தப் பார்வை பொருந்துவதில் ஆச்சரியமில்லை.

அவர் பார்ப்பது வீட்டின் அமைப்பை. பெரியவர்கள் ஒரு அணியாக நிற்கிறார்களா? பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவில் எல்லைக்கோடு இருக்கிறதா? நம் குடும்பத்தில் மகள்தான் தூதுவர். அப்பா சொல்வதைத் தம்பியிடம் சொல்கிறாள், தம்பியின் காலேஜ் நோட்டீஸைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுகிறாள், பாட்டியின் மருந்தையும் பார்க்கிறாள். இருபது வயதில் அவள் இன்னொரு தாய். யாரும் ‘பிரச்னை’ என்று கூட்டிவராத அவள்தான் அந்த வீட்டில் அதிகம் களைத்துப்போனவளாக இருக்கலாம். கவுன்சலர் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, “மகள் பேச வேண்டாம், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க” என்று சொல்வது இதனால்தான்.

3. எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்?

வர்ஜீனியா சாட்டிர் நெருக்கடி வரும்போது மனிதர்கள் எடுக்கும் நிலைகளைக் கவனித்தார். ஒருவர் குற்றம் சாட்டுவார். ஒருவர் “எல்லாம் என் தப்புதான்” என்று பணிந்துவிடுவார். ஒருவர் உணர்ச்சியே இல்லாமல் கணக்குப் பேசுவார். ஒருவர் சம்பந்தமில்லாததைச் சொல்லிப் பேச்சை மாற்றுவார். உள்ளே இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்கும் ஐந்தாவது நிலைக்குக் கொண்டுவருவதே அவர் நோக்கம். “நீ உருப்பட மாட்டே” என்பதற்குப் பதிலாக “நீயும் என்னை மாதிரி ஆயிடுவியோன்னு பயமா இருக்குலே” என்று அப்பாவால் சொல்ல முடிந்தால், அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

4. யார் எழுதிய கதை இது?

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்தது கதைவழி சிகிச்சை. ஆள் வேறு, பிரச்னை வேறு என்று பிரித்துவைப்பது இதன் அடிப்படை. ‘சோம்பேறி’ என்பது மகனின் பெயராகவே ஆகிவிட்டது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, “எந்த நாள்ல நீ காலேஜ் போனே? அன்னிக்கு என்ன வேற மாதிரி இருந்துச்சு?” என்று கேட்பார்கள்.

அப்போது வேறொரு கதை வெளிவரலாம். அவன் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வகுப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கிறது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். இது சோம்பேறித்தனம் அல்ல. தீர்வும் வீட்டுக்குள் மட்டும் இல்லை. டியூஷன், காலேஜ் ஆசிரியரோடு ஒரு பேச்சு என்று வெளியிலும் போக வேண்டும்.

5. சின்னதாக எது மாறினால் போதும்?

ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய தீர்வு மைய முறை, கிளறுவதில் நேரம் செலவிடாது. “நீங்க தூங்கும்போது இந்தப் பிரச்னை தானா தீர்ந்துபோச்சுன்னு வைங்க. காலையில எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்கும். “அவன் என்கூட உட்கார்ந்து ஒரு டீ குடிப்பான்” என்று அப்பா சொன்னால், அங்கிருந்து தொடங்கலாம். நாலைந்து முறைக்கு மேல் வர முடியாத குடும்பங்களுக்கு இந்த முறை வசதி.

நடைமுறையில் பல கவுன்சலர்கள் இவற்றைக் கலந்துதான் பயன்படுத்துகிறார்கள்.

புத்தகத்தில் இருப்பது கோலிக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. ‘தனி இடம் கொடுங்கள்’ என்ற அறிவுரை ஐந்து பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் அர்த்தமில்லாதது. அங்கே இடத்துக்குப் பதில் நேரத்தைப் பிரிக்கலாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் மேல்தட்டு மகனுக்கு என்று முடிவெடுப்பதும் ஒரு எல்லைக்கோடுதான்.

மொழியும் கவனிக்க வேண்டியது. பாட்டிக்குத் தமிழ் மட்டும். பிள்ளைகள் சண்டை என்று வந்துவிட்டால் இந்திக்குத் தாவுகிறார்கள். கவுன்சலர் இந்தியில் பேசினால், அந்த அறையில் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்று யோசியுங்கள். மகளை மொழிபெயர்க்க வைத்தால் பழைய தூதுவர் வேலை மறுபடி அவள் தலையில்.

கூட்டாக வாழ்வதையே நோயாகப் பார்ப்பதும் தவறு. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் சகாக்களும் தொடங்கிய ஆய்வுகள், மனச்சிதைவு நோயாளியை வீட்டார் ஓயாமல் குறை சொன்னால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதைக் காட்டின. இதே அளவுகோலைச் சண்டிகரில் வைத்துப் பார்த்த ஆய்வு 1987-ல் வெளியானது. லண்டனைவிட அங்குள்ள உறவினர்களிடம் அந்தக் கடுமை குறைவாகவே காணப்பட்டது. நெருக்கமான குடும்பம் சுமையாகவும் இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடு பெரியதாக இருக்கலாம். பிரச்னை மட்டும் சின்னதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தாராவியில் சுவர் மெல்லியது, சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மற்ற இடத்தில் கதவு மூடியிருப்பதால் கேட்பதில்லை.

எங்கே நிறுத்த வேண்டும்?

இப்போது அதே குடும்பத்தில் ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள். கவுன்சலர் அம்மாவிடம் தனியாகப் பேசும்போது, அப்பா அடிப்பார் என்று தெரியவருகிறது.

இதுவரை உதவிய வட்டம் இங்கே ஆபத்தாகிவிடும். “நீ மறைச்சே, அதனால அவர் அடிச்சார். ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு” என்று பேசத் தொடங்கினால், அடி வாங்கியவரே அடிக்குப் பொறுப்பாளி ஆகிறார். சண்டைக்கு ரெண்டு கை வேண்டும். அறை விழ ஒரு கை போதும்.

பெண்ணிய உளவியலாளர்கள் குடும்ப சிகிச்சையின் மீது வைத்த விமர்சனம் இதுதான். அமெரிக்காவின் ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978-ல் எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு அதிகாரம் இருப்பதுபோல் நடுநிலை காட்டினால், அந்த நடுநிலை வலுவானவர் பக்கமே சாயும் என்பது இந்த விமர்சனத்தின் சாரம்.

நடைமுறை ஆபத்து இன்னும் எளிமையானது. கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மனைவி உண்மையைச் சொன்னால், அதற்கான பதில் அன்று ராத்திரி வீட்டில் கிடைக்கும். அதனால்தான் பயிற்சி பெற்ற கவுன்சலர் ஒவ்வொருவரிடமும் முதலில் தனியாகப் பேசுவார். வன்முறை தெரிந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பதைத் தள்ளிவைத்து, பாதுகாப்பான இடம், மருத்துவம், சட்டம் என்று போவார்.

இந்தியச் சட்டமும் இந்த வித்தியாசத்தை ஏற்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சலிங்குக்கு இடம் தருகிறது. ஆனால் வன்முறைக்கு எந்த நியாயமும் சொல்ல அங்கே அனுமதி இல்லை என்றும், அதை முன்கூட்டியே அவரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் அதன் விதிகள் சொல்கின்றன. இனி அடிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி வேண்டும். சமரசப் பேச்சு, பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால் மட்டுமே.

மும்பையில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1984-ல் டிஸ் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் மருத்துவராக இருந்த அர்மிடா பெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு, தாராவியில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு கவுன்சலிங் தருகிறது. பாந்த்ரா பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய திலாசா, ஆஸ்பத்திரிக்குக் காயத்தோடு வரும் பெண்ணை அங்கேயே அடையாளம் கண்டு பேசுகிறது.

பஞ்சாயத்தும் கவுன்சலிங்கும் ஒன்றா?

இல்லை. ஊர்ச் சங்கம், ஜமாத், பெரியவர்கள் பேசி முடித்துவைப்பது நம்மிடையே பழக்கம். பணத் தகராறுக்கும் பாகப்பிரிவினைக்கும் அது உதவலாம். ஆனால் பஞ்சாயத்து தீர்ப்பு சொல்லும், கவுன்சலர் சொல்லக் கூடாது. பஞ்சாயத்தில் பத்துப் பேர் கேட்பார்கள், கவுன்சலிங்கில் பேசியது வெளியே போகக் கூடாது. இதற்கும் விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தாலோ கவுன்சலர் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம்.

முக்கியமான இன்னொரு வித்தியாசம்: “எப்படியாவது சேர்ந்து வாழணும்” என்பது பஞ்சாயத்தின் இலக்காக இருக்கலாம். கவுன்சலிங்கின் இலக்கு அதுவல்ல. சிலர் சேர்வார்கள். சிலர் பிரிந்தபின் பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கக் கற்றுக்கொள்வார்கள்.

நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

கவுன்சலரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. என்ன படித்திருக்கிறார்? குடும்பங்களோடு வேலை செய்யப் பயிற்சி உண்டா? தமிழில் பேச முடியுமா? ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவாரா? கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டும்? மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே “நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்” என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னாலோ, அடி விழுவதைக் கேட்டபின்னும் “எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்” என்றாலோ, வேறு ஆளைத் தேடுங்கள்.

முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். வீட்டில் வன்முறை என்றால் பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்து என்றால் 112. கூப்பிடும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழுமா? விழும் என்றால் கடைக்குப் போகும் வழியிலோ, வேலை செய்யும் இடத்திலோ, நம்பிக்கையான ஒருவர் வீட்டிலிருந்தோ கூப்பிடுங்கள்.